ஆள் பார்த்துத் திறந்த கதவுகள்

ஊசிப்பாறைப் பேரூராட்சித் தலைவர் வைரப்பெருமாள், தன்னைப் பற்றித் தானே எடுக்கச் சொன்ன படம் தன் ஆபீஸ் கம்ப்யூட்டருக்குள்ளேயே போக மாட்டேன் என்கிறது என்று கேள்விப்பட்டு, மத்தியானச் சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து வந்தார் என்று அவருடைய ஆட்கள் இன்றைக்கும் சொல்வார்கள். பாதியில் விட்டது உண்மைதான், ஆனால் அது இரண்டாவது தடவையாகப் போட்டுக்கொண்ட சோறு.

படத்துக்கு 'ஊசிப்பாறையின் பொற்காலம்' என்று பெயர். மதுரையிலிருந்து வந்தவர்கள் ட்ரோன் கேமராவை ஊருக்கு மேலே பறக்கவிட்டு, தலைவர் கட்டிய சாக்கடையையும், கட்டப்போவதாகச் சொன்ன சாக்கடையையும், பஸ் ஸ்டாண்டு முகப்பில் அவர் பெயர் போட்ட வளைவையும், அந்த வளைவுக்குக் கீழே அவர் நடந்து வருவதையும், துண்டு சரியாக விழவில்லை என்று திரும்பிப் போய் மறுபடி நடந்து வருவதையும், வெயிலில் முகம் கறுத்துத் தெரிகிறது என்று சாயங்காலம் இன்னொரு தடவை நடந்து வருவதையும் எடுத்தார்கள்; இதில் ஓர் அடியைக்கூட வெட்டக் கூடாது என்று அவர் சொல்லிவிட்டதால், படம் ஐப்பசி மழை மாதிரி விடாமல் நீண்டு, ஒரே ஃபைலாக வந்து சேர்ந்தது.

அதை ஆபீஸ் ஹார்ட் டிஸ்க்கில் ஏற்ற வேண்டியவள் தங்கபுஷ்பம். பாளையங்கோட்டையில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வந்து, பேரூராட்சியில் ஆபரேட்டராக உட்கார்ந்து, ஊரில் எந்த வீட்டுக்கு என்ன கதவிலக்கம், எந்த வீட்டில் குழாய் இணைப்பு, எந்த வீடு யார் பேரில் என்பதையெல்லாம் அந்த ஒரே டிஸ்க்குக்குள் அடித்துச் சேர்த்து வைத்திருப்பவள். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டாள். கெட்டுப்போன பாலை மோந்து பார்த்தவளின் முகத்தோடுதான் அவள் எல்லோரையும் பார்ப்பாள். தலைவரையும் அப்படித்தான் பார்த்தாள், அவர் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டார்.

"இந்த டிஸ்க் பழைய முறைல இருக்கு தலைவரே. ஃபேட் தேட்டி டூம்பாங்க. நாலு ஜி.பி.க்கு மேல ஒரே ஃபைலா எது வந்தாலும் ஏத்துக்காது" என்றாள்.

"உள்ள இடம் இல்லியா?"

"இடம் கிடக்கு. முக்காவாசி காலிதான்."

"காலியாக் கிடக்குற வீட்டுக்குள்ள ஆள் போக முடியாதுன்னா என்ன அர்த்தம்?"

"வாசல் சின்னதுன்னு அர்த்தம். படத்தைத் துண்டு துண்டா வெட்டித் தாங்க, உள்ள போயிரும்."

"என்னைய வெட்டணுங்கியா?"

பக்கத்தில் நின்ற செயல் அலுவலர் ஞானதிரவியம், தலைவரின் நடையை வெட்டுவது பேரூராட்சிக்கே அழகில்லை என்றார். அவர் எந்தப் பக்கம் பேச வேண்டும் என்பதைப் பேசுகிறவரின் குரல் உயரத்தை வைத்து முடிவுசெய்கிறவர். அந்தத் திறமையால்தான் அந்த நாற்காலியில் இத்தனை காலம் நிலைத்திருந்தார்.

தங்கபுஷ்பம் பெருமூச்சு விட்டாள். "அப்போ டிஸ்க்கையே புது முறைக்கு மாத்தணும். உள்ள இருக்குறது ஒண்ணும் அழியாம மாத்தலாம். ஆனா ரெண்டு விஷயம் இருக்கு. மாத்துனா மாத்துனதுதான், போறதுக்கு வழி உண்டு, அதே வழியில திரும்பி வாறதுக்குக் கிடையாது. திரும்பணும்னா எல்லாத்தையும் வெளிய எடுத்து வச்சிட்டு, டிஸ்க்கை மொத்தமாத் துடைச்சாத்தான் உண்டு. இன்னொண்ணு, பழைய முறைல எதுவும் யாருக்கும் சொந்தமில்ல, கை வச்சவன் திறக்கலாம். புது முறைல ஒவ்வொண்ணுக்கும் உடமைக்காரர் யாரு, யாரு திறக்கலாம், யாரு திறக்கக் கூடாதுன்னு குறிப்பு இருக்கும்."

"உடமைக்காரன் நான்தான. மாத்து" என்றார் தலைவர்.

அவள் மாற்றினாள். எப்படி மாற்றினாள் என்பதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பின்னால் ஊரே கூடி அவள் ஏதோ கோளாறு செய்துவிட்டாள் என்று பேசியது. டிஸ்க்கில் இருந்த எல்லாவற்றையும் முதலில் வேறொரு டிஸ்க்கில் நகல் எடுத்தாள். எடுத்ததோடு விடாமல், நகலில் இருந்து அங்கொன்றும் இங்கொன்றுமாகத் திறந்து பார்த்து, உண்மையிலேயே திறக்கிறதா என்று சோதித்தாள். டிஸ்க்கில் எங்காவது பழுது இருக்கிறதா என்று முழுக்கத் தேடவிட்டு, இருந்த ஒன்றிரண்டையும் சரிசெய்தாள். பாதியில் கரண்டு போனால் எல்லாம் போய்விடும் என்பதால் பேட்டரியைச் சார்ஜ் ஏற்றித் தயாராக வைத்தாள். திறந்திருந்த மற்ற வேலைகளையெல்லாம் மூடிவிட்டு, அறைக் கதவையும் சாத்திக்கொண்டு, கறுப்புத் திரையில் மாற்றச் சொல்லும் கட்டளையை அடித்து, இந்த டிஸ்க்கின் பெயர் என்ன என்று அது கேட்டதற்கு 'ஊசிப்பாறை' என்று பதில் சொன்னாள். வெள்ளை எழுத்துகள் வரிவரியாக ஓடி, மாற்றம் முடிந்தது என்று நின்றன. ஒரு ஃபைல் தொலையவில்லை, ஓர் எழுத்து கெடவில்லை. தலைவரின் படம் அடுத்த நிமிடமே உள்ளே போய்ப் படுத்துக்கொண்டது.

அதே மத்தியானம் ஊசிப்பாறையில் கதவுகள் ஆள் பார்த்துத் திறக்கத் தொடங்கின.

தலைவர் விட்டுப்போன சோற்றை நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்க் கதவைத் தள்ளினார். அது அசையவில்லை. உள்ளே தாழ்ப்பாள் போட்டுவிட்டாள் என்று நினைத்து, "கோமதீ!" என்று தெரு அதிரக் கத்தினார். அவர் மனைவி கோமதியோ மாவு மில்லில் இருந்து, இடுப்பில் ஒரு தூக்குச்சட்டியும் கையில் ஒரு பையுமாகப் பின்னாலேயே வந்துகொண்டிருந்தாள். கை காலி இல்லாததால் முழங்கையால் கதவை ஒரு இடி இடித்தாள். திறந்தது. அவள் உள்ளே போனாள். பின்னாலேயே போகப் பார்த்த தலைவரின் கால் நிலைப்படிக்கு மேலே தூக்கியது தூக்கியபடி நின்றுவிட்டது. தடுப்பு எதுவும் இல்லை, வலி இல்லை, காற்றுகூடத் தள்ளவில்லை. கால் போகவில்லை, அவ்வளவுதான்.

"என்ன அங்கேயே நிக்கீய? உள்ள வாங்க" என்றாள் கோமதி. அந்த ஒரு சொல் விழுந்ததும் கால் உள்ளே போனது.

இப்படியே தெருத்தெருவாக நடந்தது. அரிசிமண்டி முதலாளி கிரகப்பிரவேசத்துக்கு மூன்று ஊர் மேளம் வைத்துக் கட்டிய மாடி வீடு, அவருக்கும் அவர் பிள்ளைகளுக்கும் திறக்காமல், வெளியூரில் இருந்து பிழைக்க வந்து வீட்டோடு கிடக்கிறான் என்று எல்லோரும் இளக்காரம் பேசிய மருமகனுக்குத் திறந்தது. தலைமையாசிரியர் வீட்டுக் கதவு அவருக்கும் திறக்கவில்லை, எந்நேரமும் அவரோடு சண்டை போடும் அவர் மனைவிக்கும் திறக்கவில்லை, வளர்த்த நாய்க்குத் திறந்தது. அதனால் படித்த தம்பதி இருவரும் நாய்க்குப் பின்னால் வரிசையில் நின்று, அது வாலை ஆட்டிய பிறகு வீட்டுக்குள் போய்வந்தார்கள். கோயில் கதவு யார் வந்தாலும் திறந்து, நிர்வாகக் கமிட்டி வந்தால் மட்டும் சாத்திக்கொண்டது. கமிட்டி வெளியே பந்தல் போட்டு உட்கார்ந்து, கோயிலின் தூய்மையைக் காப்பாற்றுவது எப்படி என்று தீர்மானம் போட்டது. போலீஸ் ஸ்டேஷன் கதவு ஒருவருக்கும் திறக்கவில்லை. ஊருக்கு அது தெரியவே பல நாள் ஆயிற்று.

தங்கபுஷ்பம் அன்று சாயங்காலம் ஆபீஸ் முடிந்து வீட்டுக்கு நடந்தபோது, வாசல்தோறும் வேட்டியை மடித்துக் கட்டிய ஆண்கள் கதவைப் பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டாள். மண்டி முதலாளி மருமகனை "மாப்பிள்ளை, மாப்பிள்ளை" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அதுவரை அவர் வாயில் அந்தச் சொல் வந்து யாரும் கேட்டதில்லை. அவளுக்குச் சிரிப்பு வந்தது. தெரு முழுக்கச் சிரித்துக்கொண்டே நடந்தாள். நல்லா வேணும் இவனுகளுக்கு என்று சத்தமாகவே சொன்னாள்.

தன் வீட்டுக்கு வந்து கதவில் கை வைத்தாள். அது அசையவில்லை.

அது அவள் பிறந்த வீடு. அவளுடைய அப்பா கட்டியது. அண்ணன் ஜெயக்கொடி பேருக்குத்தான் குடும்பத் தலைவன், மற்றபடி அந்த வீட்டில் என்ன குழம்பு, எந்த சேனல், யாரைக் கல்யாணத்துக்குக் கூப்பிடுவது, பீரோ சாவி யார் இடுப்பில் என்பதெல்லாம் தங்கபுஷ்பம் வைத்ததுதான். அண்ணன் மனைவி வேலம்மாள் எட்டயபுரம் பக்கமிருந்து வாக்கப்பட்டு வந்து இருபது வருஷம் ஆகியும், விருந்தாளி வந்தால் அடுப்படியில் நின்றே சாப்பிடுகிறவளாக இருந்தாள். அவளை மதினி என்று கூப்பிட வேண்டிய தங்கபுஷ்பம், "ஏங்க", "இங்க பாருங்க" என்று காற்றைப் பார்த்துக் கூப்பிடுவாள். மற்றவர்களிடம் பேசும்போது "அது".

தங்கபுஷ்பம் கதவைத் தள்ளினாள், உதைத்தாள், ஜன்னல் வழியாகக் கையை விட்டாள், கை கம்பியைத் தாண்டவில்லை. உள்ளே நடமாட்டம் கேட்டது. வேலம்மாள் ஈரக்கையை முந்தானையில் துடைத்தபடி வந்து கதவைத் திறந்தாள்.

"வா புஷ்பம். காப்பி போடட்டா?"

அவ்வளவுதான் சொன்னாள். முகத்தில் ஒரு கேலி இல்லை, ஒரு பெருமிதம் இல்லை. ஏதாவது ஒரு குத்தல் இருந்திருந்தால் தங்கபுஷ்பம் அதைப் பிடித்துக்கொண்டு சண்டை போட்டிருப்பாள். அதற்கும் வழி இல்லாமல், தான் பிறந்த வீட்டுக்குள் விருந்தாளியாகக் காலெடுத்து வைத்தாள்.

ஊர் இந்த அதிசயத்தை வெகு சீக்கிரம் ஏற்றுக்கொண்டது. அதிசயப்பட நேரமில்லை; யார் யாரை உள்ளே விடுவது என்ற வேலையே எல்லோருக்கும் சரியாக இருந்தது. கதவு யாருக்குத் திறக்கிறதோ அவர் கதவாள், மற்றவர்கள் வெளியாள் என்று பேச்சில் நிலைத்தது. பெண் பார்க்கப் போன இடத்தில், "பையன் என்ன உத்தியோகம்?" என்பது போய் "பையன் வீட்டுல கதவாள் யாரு?" என்று கேட்டார்கள். கதவைக் கழற்றிப் போட்டுவிடலாம் என்று தச்சனைக் கூட்டி வந்தவர்கள், கதவில்லாத வாசலிலும் கால் போகாததைக் கண்டு, கழற்றிய கதவை மாட்டுவதற்கும் அதே தச்சனைக் கெஞ்சினார்கள். சுவர் ஏறிக் குதித்தவர்கள் சுவர் மேலேயே உட்கார்ந்திருந்தார்கள். டீக்கடைகள் நிரம்பி வழிந்தன. வெளியாட்கள் எல்லாம் சேர்ந்து ஒரு நலச்சங்கம் ஆரம்பித்து, தலைவர் பதவிக்கு அடித்துக்கொண்டு இரண்டு நலச்சங்கம் ஆனார்கள். எந்த வீடு எதை வைத்து ஆளைத் தேர்ந்தெடுக்கிறது என்று டீக்கடைகளில் ஓயாமல் விவாதம் நடந்தது. யார் பெருக்கினார்கள், யார் அழுதார்கள், யார் வீட்டில் இல்லாதபோது வீட்டை நினைத்தார்கள் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். வீட்டிடம் போய்க் கேட்கலாமே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

மற்றவர்களுக்குத் தெரியாத ஒரு விஷயம் கோமதிக்கு மட்டும் பிடிபட்டது. முதலில் தலைவர் கூப்பிட்ட மறு நொடி ஓடிவந்து "வாங்க" என்றாள். பிறகு அடுப்பில் வேலை இருந்தால் அதை முடித்துவிட்டு வந்தாள். பிறகு சீரியல் முடிந்து வந்தாள். வாசலில் நிற்கிறவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் நிற்பதைத் தவிர அவரால் வேறொன்றும் செய்ய முடியாது என்பதை அவள் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்துகொண்டாள். ஒருநாள் காலையில் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு, சங்கரன்கோயிலில் இருக்கும் அக்கா வீட்டுக்குக் கிளம்பினாள்.

"நீ போயிட்டா நான் எங்க இருக்க?" என்றார் தலைவர்.

"அக்கா வீட்டுக்குப் போயே பதினஞ்சு வருஷம் ஆச்சு. இத்தனை வருஷத்துல நான் எங்க இருக்கேன்னு நீங்க கேட்டீயளா?" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினாள்.

கட்சி ஆபீஸ் கதவு ஒரு பூனைக்கு மட்டுமே திறந்ததால், தலைவர் பஸ் ஸ்டாண்டில், தன் பெயர் போட்ட வளைவுக்குக் கீழே பாய் விரித்தார். ஒரு வாரம் கொசு கடித்ததும் அவருக்கு ஜனநாயகத்தில் நம்பிக்கை வந்துவிட்டது. இந்தக் கதவு ஏற்பாடு மக்களைப் பிரிக்கிறது, பெண்களைக் கெடுக்கிறது, பழைய முறையே நம் பண்பாடு என்று இரண்டு நலச்சங்கத்துக்கும் நடுவில் நின்று பேசிவிட்டு, நேராக ஆபீஸுக்கு வந்தார்.

"யம்மா புஷ்பம், டிஸ்க்கைப் பழைய முறைக்கே மாத்திரு."

"அன்னைக்கே சொன்னேன், அழிக்காமத் திரும்ப முடியாதுன்னு."

"அழி. என்னத்த வேணும்னாலும் அழி."

"உங்க படம் திரும்ப உள்ள போகாது தலைவரே. வெட்டித்தான் வைக்கணும்."

தலைவர் யோசித்தார். வளைவுக்கடியில் படுத்திருந்த ஒரு வாரத்தில் அவர் இவ்வளவு நேரம் எதையும் யோசித்ததில்லை. கடைசியில், "முகம் வர்ற இடத்துல வெட்டாத" என்றார்.

தங்கபுஷ்பம் எல்லாவற்றையும் மறுபடி நகல் எடுத்து, திறந்து பார்த்து, டிஸ்க்கைத் துடைத்து, பழைய முறையில் போட்டு, உள்ளே இருந்தவற்றைத் திரும்ப வைத்தாள். படத்தைத் துண்டாக்கினாள், ஒரு துண்டில் தலைவர் வளைவை நோக்கி நடந்தார், இன்னொரு துண்டில் வளைவைத் தாண்டி நடந்தார், வளைவுக்குக் கீழே அவர் வந்த இடம் எதிலும் இல்லை. எல்லாம் முடிந்து, வாசலில் காத்திருந்த கூட்டம் ஆரவாரத்தோடு அவரவர் வீட்டுக்கு ஓடியது. ஓடிய வேகத்தில் கதவில் முட்டிக்கொண்டது.

ஒன்றும் மாறவில்லை.

"டிஸ்க் திரும்பிருச்சி. ஊரு திரும்பல" என்றார் ஞானதிரவியம், அன்றுவரை தானாகப் பேசிய ஒரே வாக்கியமாக.

அப்போது தங்கபுஷ்பம் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அவள் வேலை டிஸ்க்கோடு முடிந்துவிட்டது. ஆனால் தினமும் சாயங்காலம் தன் வீட்டு வாசலில் நிற்பதும், வேலம்மாள் ஒரு நொடிகூடத் தாமதிக்காமல் வந்து "வா புஷ்பம்" என்று திறப்பதும், காப்பி போடட்டா என்று கேட்பதும் அவளை அரித்துக்கொண்டிருந்தது. கோமதி மாதிரி நிற்க வைத்தால்கூடத் தேவலை என்று இருந்தது. அவள் யாரும் கேட்காமலே சொன்னாள்:

"டிஸ்க்கைத் துடைச்ச மாதிரி வீடுகளையும் துடைக்கணும். உள்ள இருக்குற சாமான் பூராத்தையும் வெளிய எடுக்கணும். கடைசியில ஆளும் வெளிய வந்திரணும். ஒரு கரண்டி மிச்சம் இருந்தாலும் வீடு பழசை மறக்காது."

தலைவர் கையெடுத்துக் கும்பிட்டார். மறுநாளே தீர்மானம் போட்டார்கள்: ஊர் முழுக்க வீடுகளைக் காலி செய்து சாமான்களைச் சந்தை மைதானத்தில் வைப்பது, வீடுகளுக்கு உள்ளும் புறமும் சுண்ணாம்பு அடிப்பது, அதன்பிறகு எல்லோரும் பழையபடி குடிபோவது. வீட்டுக்குள் தாராளமாகப் போய்வர முடிகிறவர்கள் கதவாட்கள்தான் என்பதால் காலி செய்யும் வேலையையும் அவர்களே செய்ய வேண்டும் என்று தீர்மானத்தின் கடைசி வரி சொன்னது. கதவாட்களில் பெரும்பாலோர் பெண்கள்; அவர்கள் மறுப்பார்கள் என்று நினைத்து, சமாதானம் பேச ஆண்கள் புடவைகள் வாங்கி வைத்திருந்தார்கள். ஒருத்தியும் மறுக்கவில்லை. புடவைகளையும் வாங்கிக்கொண்டார்கள்.

தங்கபுஷ்பம் அன்று சாயங்காலம் வேலம்மாளிடம் விஷயத்தைச் சொன்னபோது, அவள் கோபப்படுவாள், இது யார் யோசனை என்று கேட்பாள், தான் ஊரின் மேல் பழியைப் போட்டுவிடலாம் என்று பதில்களெல்லாம் தயார் செய்து வைத்திருந்தாள்.

"என்னைக்குக் காலி பண்ணணும்?" என்று மட்டும் கேட்டாள் வேலம்மாள்.

"வெள்ளிக்கிழமை."

"அப்போ வியாழக்கிழமையே மாவு அரைச்சிரணும்" என்றாள்.

வெள்ளிக்கிழமை விடிந்ததில் இருந்து சாமான்கள் மைதானத்துக்கு வந்தவண்ணம் இருந்தன. கட்டில்கள், கிரைண்டர்கள், சாமி படங்கள், சீர் வரிசையில் வந்து பிரிக்காமலே கிடந்த பித்தளை அண்டாக்கள், உடைந்த சைக்கிள்கள், யாரும் ஒத்துக்கொள்ளாத சாராய பாட்டில்கள், மண்டி முதலாளியின் ஆள் உயரப் போட்டோ எல்லாம் வெயிலில் வரிசையாக நின்றன. மண்டி மருமகன் அந்தப் போட்டோவைச் சுவரில் சாய்த்து வைக்க இடமில்லாமல் பன்றித்தொட்டிக்கு அருகே சாய்த்து வைத்தான். தலைமையாசிரியர் வீட்டில் நாயை வெளியே வரவைப்பதுதான் பெரிய பாடாக இருந்தது. அவரும் மனைவியும் பல வருஷத்துக்குப் பிறகு ஒன்றாக உட்கார்ந்து, ஒரே குரலில் அதைக் கொஞ்சிக் கூப்பிட்டார்கள். கோமதி சங்கரன்கோயிலில் இருந்து ஒரு லாரியோடு வந்து இறங்கினாள். இவ்வளவு சாமான் தூக்க ஒத்தாசைக்கு லாரி வைத்திருக்கிறாளே என்று தலைவர் நெகிழ்ந்துபோனார்.

சாமான்கள் வெளியே வந்தன, கதவாட்கள் சுண்ணாம்பு அடித்துவிட்டு வெளியே வந்தார்கள். சுவர் காய்ந்ததும் கதவுகள் எல்லாம், தெரு முழுக்க, ஒரே நேரத்தில் தாமாகத் திறந்துகொண்டு நின்றன. மைதானத்துக்கே கேட்டது அந்தச் சத்தம்.

ஆண்கள் ஓடினார்கள். வயசானவர்களும் ஓடினார்கள். கால் நிலைப்படியைத் தாண்டியது. உள்ளே போனார்கள், வெளியே வந்தார்கள், மறுபடி உள்ளே போனார்கள், சும்மா போய்ப் போய் வந்தார்கள். தலைவர் தன் நடுக்கூடத்தில் நின்று, "கோமதீ!" என்று கத்தினார். வெறும் சுவர்கள் அதை நான்கு பக்கமும் திருப்பிச் சொல்லின. அப்போதுதான் அவர் உட்கார ஒரு நாற்காலி இல்லாததைக் கவனித்தார்.

மைதானத்தில் பெண்கள் யாரும் எழுந்திருக்கவில்லை. அடுப்பு கூட்டி, தோசைக்கல் போட்டு, அண்டாக்களைக் கவிழ்த்து அவற்றின் மேல் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். மண்டி மருமகன் வெங்காயச் சட்னிக்குத் தாளித்துக்கொண்டிருந்தான். தலைவர் வேர்வை வழிய வந்து நின்றார்.

"எல்லாம் சரியாயிருச்சி. சாமானை எடுத்துட்டு வீட்டுக்கு வாங்க எல்லாரும்."

"வீடு வேணும்னீய, வந்திருச்சி" என்றாள் கோமதி. "சாமான் வேணும்னு தீர்மானத்துல இல்லியே."

"நீ வரணும்ல?"

"அதுவும் இல்ல."

லாரிக்காரன் அவள் சாமான்களை ஏற்றி முடித்து, கயிறு கட்டிக்கொண்டிருந்தான். அவள் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டாள். தலைவர் ஞானதிரவியத்தைத் திரும்பிப் பார்த்தார். ஞானதிரவியம் இரண்டு பக்கமும் கேட்டுப் பார்த்தார். தலைவரின் குரலில் உயரம் இல்லை. அவர் லாரிக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார்.

தங்கபுஷ்பம் இதையெல்லாம் பார்க்கவில்லை. கதவுகள் திறந்த சத்தம் கேட்டதுமே அவள் வீட்டுக்குப் போய்விட்டாள். கதவைத் தொடக்கூட வேண்டியிருக்கவில்லை. தன் வீட்டுக்குள் யாரும் வா என்று சொல்லாமல் நடந்து போனாள். அறை அறையாகப் போனாள். சுண்ணாம்பு வாடையைத் தவிர அங்கே ஒன்றும் இல்லை. இது அப்பா ஈஸிசேர் போட்ட மூலை என்று நினைத்துப் பார்த்தாள், நினைக்க முடிந்தது. ஆனால் அடுப்படியில் எந்த டப்பா எந்தத் தட்டில் இருந்தது, தண்ணீர்ப் பானை எங்கே நின்றது, விளக்குமாறு எந்த ஆணியில் தொங்கியது என்று நினைத்தால் ஒன்றுமே வரவில்லை. அந்த இடங்களுக்கெல்லாம் அவள் ஒருநாளும் கை கொண்டுபோனதில்லை. அவள் அந்த வீட்டை ஆண்டிருந்தாள், இருந்ததில்லை. நடு அறையில் ஜெயக்கொடி வெறுந்தரையில் உட்கார்ந்திருந்தான்.

"ஏ புஷ்பம், ஒரு காப்பி போடச் சொல்லு" என்றான்.

"யாரை?"

தங்கபுஷ்பம் இடுப்பில் இருந்த பீரோ சாவியைத் தொட்டுப் பார்த்தாள். பீரோ மைதானத்தில் நின்றது.

அவள் மைதானத்துக்கு வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. வேலம்மாள் கட்டிலில் கால்களை மடித்துப் போட்டு உட்கார்ந்து, முறத்தில் சின்ன வெங்காயத்தைக் கொட்டிவைத்து உரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண் ஏதோ சொல்ல, வாயில் முந்தானையை வைத்துச் சிரித்தாள். அவளுக்குச் சிரிக்கத் தெரியும் என்பது தங்கபுஷ்பத்துக்குப் புதுச் செய்தியாக இருந்தது.

"மதினி" என்றாள்.

வேலம்மாள் நிமிர்ந்து பார்க்கவில்லை. வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்திருக்க வேண்டும்.

"மதினி, வீட்டுக்கு வாங்க."

இப்போது நிமிர்ந்தாள். "நான் வரல புஷ்பம்" என்றாள் நிதானமாக. "இங்க காத்து நல்லா இருக்கு. நாளைக்கு என்னன்னு நாளைக்குப் பார்ப்போம்."

"வீடுகளையும் துடைக்கணும்னு சொன்னது நான்தான்."

"தெரியும். காலி பண்ணணும்னு வந்து சொன்ன அன்னைக்கு நீ ரெண்டு காப்பி கேட்டு வாங்கிக் குடிச்சப்பவே தெரியும்."

தங்கபுஷ்பம் சாவியை அவிழ்த்துக் கொடுக்கலாமா என்று நினைத்தாள். அது இவ்வளவு நாள் கழித்து வீசியெறியும் பிச்சை மாதிரி இருக்கும் என்று அவளுக்கே பட்டது. திரும்பிப் போகவும் கால் வரவில்லை. கடைசியில் கட்டிலுக்குப் பக்கத்தில், புழுதியில், ஆபீஸ் சேலையோடு சம்மணம் போட்டு உட்கார்ந்து, முறத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். வெங்காயத்தை எந்த முனையில் கிள்ள வேண்டும் என்று தெரியவில்லை. நகத்தால் பிறாண்டி, கண்ணில் நீர் வழிய, ஒன்றை உரித்து வைத்தாள். இன்னொன்றை எடுத்தாள். பக்கத்துக் கட்டில்காரிகள் பேச்சை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

வேலம்மாள் அவள் உரித்து வைத்ததைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அது பட்டாணி அளவுக்கு வந்திருந்தது.

"இம்புட்டுத் தோலை எடுத்தா குழம்புக்கு என்ன மிஞ்சும்?" என்று அதட்டினாள், அந்த வீட்டுக்கு வந்த நாளில் இருந்து அவளிடம் கண்டுபிடித்த முதல் குறையாக.